பால் தாங்குமா?

கோட்டக்குப்பத்தில் காபி விளையாது. பெயர் சொல்லும்படியான காபி மலைக்குப் போக வேண்டுமென்றால் மேற்கே 200 கிலோமீட்டருக்கு மேல் கடந்து ஏற்காடு ஏற வேண்டும். ஊருக்கு வடக்கே போகப் போக மரக்காணத்து உப்பளங்கள், தெற்கே காலாற நடந்தால் புதுச்சேரியின் முத்தியால்பேட்டை, கிழக்கே கடல். காற்றில் எந்நேரமும் ஈரம், ஈரத்தில் உப்பு. பச்சைக் காபிக்கொட்டையைச் சாக்கில் கட்டி வைக்க இதைவிடப் பொருந்தாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இருந்தும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் இந்தத் துண்டில் காபி வறுக்கிறார்கள். ஆரோவில் பக்கத்தில் இருப்பது ஒரு காரணம். மார்க்ஸ் காபீஸ் போன்ற காபி நிறுவனத்தின் பெயர் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான். சனி ஞாயிறுகளில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு இறங்கும் கார்கள் இன்னொரு காரணம். இதற்கெல்லாம் முன்பிருந்தே, மளிகைக் கடையின் ஓரத்தில் ஓர் அரவை இயந்திரமும் பின்கட்டில் ஒரு வறுவல் உருளையுமாக, வீட்டுக் காபிக்கு வறுத்து அரைத்துக் கொடுக்கிற கடைகள் உண்டு.

அப்படியொரு கடையில், மூட்டை வந்து இறங்கும் நேரங்களில் உட்கார்ந்திருக்கிறேன். டிகாக்‌ஷன் இறக்குவதைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத தமிழர் கிடையாது. வறுவலைப் பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். வறுப்பதற்கு முன்னால், வந்த கொட்டை தேறுமா தேறாதா என்று ஒருவர் தீர்ப்புச் சொல்கிற அந்தச் சற்று நேரத்தைப் பற்றித்தான் பேச்சு அதிகம் இல்லை.

கடைக்காரரை ஊரில் எல்லோரும் பாய் என்றே கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே. அரிசி மண்டியில் புழங்கும் அதே குத்தூசியைச் சாக்கின் வயிற்றில் செருகி ஒரு பிடி கொட்டையை உள்ளங்கையில் வாங்குகிறார். சாக்கின் வாய்ப்பக்கத்துக் கொட்டையை அவர் தொடுவதே இல்லை. அது விற்கிறவன் காட்ட விரும்புகிற கொட்டை. வாசல் வெளிச்சத்துக்கு வந்து கையை விரிக்கிறார். கழுவிப் பதப்படுத்திய அராபிகா என்றால் பச்சையில் ஒரு நீல ஓட்டம் இருக்க வேண்டும். ஓரம் வெளுத்திருந்தால் எங்கோ ஈரம் குடித்திருக்கிறது. பழுப்பு ஏறியிருந்தால் பழைய சரக்கு, அல்லது ஊறல் தொட்டியில் தேவைக்கு மேல் கிடந்தது. முழுக் கறுப்பு என்றால் பேச்சே இல்லை, அது செடியிலேயே செத்த கொட்டை. குண்டூசி குத்திய மாதிரி துளை இருந்தால் காய்த்துளைப்பான் வண்டு. இந்தியாவுக்கு இந்த வண்டு புதிது. 1990-ல் கூடலூர்ப் பக்கம்தான் முதன்முதலில் கண்டுபிடித்தார்கள். அந்த வருடத்துக்கு முன் வறுத்தவர்கள் யாரும் இந்தத் துளையைத் தேடியிருக்க மாட்டார்கள்.

பிறகு மூக்கு. நல்ல பச்சைக் கொட்டையில் காய்ந்த புல்லும் பச்சைப் பட்டாணியும் கலந்த வாசம் வரும். புளித்த வாசம் வந்தால் அந்த ஒரு கொட்டையைத் தேடி எடுக்காமல் அவர் அடுத்த வேலைக்குப் போவதில்லை. பிறகு பல். கடைவாயில் ஒரு கொட்டையை வைத்துக் கடித்துத் துப்பிவிட்டுச் சொல்வார்: “பல்லு பதியக் கூடாது தம்பி. பதிஞ்சா அது கொட்டை இல்ல, தண்ணி. தண்ணிக்கு நான் எதுக்குக் காசு குடுக்கணும்?”

கணக்குப் போட்டால் அவர் கோபம் புரியும். பச்சைக் கொட்டையில் ஈரப்பதம் 10 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொது வழக்கு. 11 இருக்க வேண்டிய இடத்தில் 14 இருந்தால் 50 கிலோ மூட்டையில் ஒன்றரைக் கிலோ தண்ணீர். காசு போவது மட்டுமில்லை. ஈரக் கொட்டை உருளையில் ஒரே சீராக வேகாது. வெளியே நிறம் வந்துவிடும், உள்ளே பச்சையாக நிற்கும். வைத்திருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். வடகிழக்குப் பருவமழை இறங்கி மரக்காணத்தில் உப்பெடுப்பு நின்றுபோகிற மாதங்களில் பாய் பச்சைக் கொட்டையே அதிகம் வாங்குவதில்லை. வாங்கினாலும் சாக்கோடு வைப்பதில்லை. மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டி, டிரம்மைப் பலகை மேல் ஏற்றிவிடுகிறார். சாக்கிலேயே கிடந்த காபியில் சணல் வாசம் ஏறிவிடும். அது வறுத்தாலும் போகாது, அரைத்தாலும் போகாது, பாலில் கொஞ்சம் மறையும்.

பாலில் மறையும் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

பாயின் மகன் பெங்களூரில் காபி வாரியம் நடத்தும் ‘காபி சாஸ்திரா’ பயிற்சிக்குப் போய்வந்தவன். வந்ததிலிருந்து கடையின் பின்கட்டில் ஒரு மேசை, ஒரு சின்னத் தராசு, வரிசையாக ஒரே அளவுக் கண்ணாடிக் கோப்பைகள். அப்பாவின் பல்லையும் மூக்கையும் அவன் மறுப்பதில்லை. அது வாங்குவதற்கு முன் பார்க்கிற பார்வை, குடித்துப் பார்க்காமல் எப்படி முடிவு சொல்வது என்பதுதான் அவன் கேள்வி. நான் போயிருந்த ஒரு காலையில் மூன்று மாதிரிகள் இருந்தன. தாண்டிக்குடிப் பக்கத்து பிளாண்டேஷன் ஏ, அதாவது கழுவிய அராபிகா ஒன்று, அதே பழனி மலையின் அராபிகா செர்ரி, அதாவது பழமாகவே காயவைத்தது ஒன்று, கூடலூர் ரோபஸ்டா பார்ச்மெண்ட், அதாவது கழுவிய ரோபஸ்டா ஒன்று. முந்தின நாளே மூன்றையும் இளவறுவலாக வறுத்து ஆறவைத்திருந்தான். கறுக்க வறுத்தால் எல்லாக் காபியும் கரியின் ருசிக்கு வந்துவிடும், மலை தெரியாது, செடி தெரியாது, குறையும் தெரியாது. அதனால்தான் மாதிரியை இளசாக வறுக்கிறார்கள். ஏறத்தாழ 200 டிகிரி வெப்பத்தில் கொட்டை பட்பட்டென்று முதல்முறை வெடிக்கும்; அந்தச் சத்தம் அடங்கிய கொஞ்ச நேரத்தில் இறக்கிவிட வேண்டும்.

வறுத்த கொட்டையைத் தட்டில் பரப்பியபோது ஒன்று தெரிந்தது. பச்சையாக இருந்தபோது பாயின் கண்ணுக்குத் தப்பிய சில கொட்டைகள், எல்லாம் பழுப்பாகிவிட்ட கூட்டத்தில் வெளுத்து நின்றன. பழுக்காத காயைப் பறித்ததால் சர்க்கரை சேராமல் போன கொட்டைகள் அவை. சர்க்கரை இல்லாததால் நிறம் ஏறாது. ஒன்றைக் கடித்துப் பார்த்தேன், வேர்க்கடலைத் தோல் மாதிரி சப்பென்று இருந்தது. செடியடியில் கூலிக்குப் பறித்த கை பழத்தையும் காயையும் சேர்த்து உருவியதா, பழுத்ததை மட்டும் பார்த்துப் பறித்ததா என்பது இங்கே, கடலோரத்தில், இத்தனை நாள் கழித்துத் தெரிகிறது. உருவினால் கூடை சீக்கிரம் நிறையும். கூடைக் கணக்கில் கூலி கொடுத்தால் உருவத்தான் செய்வார்கள். பார்த்துப் பறிக்கிற கைக்குத் தனிக் கூலி கொடுக்காமல் பழத்தை மட்டும் கேட்பது நியாயமில்லை.

ஒவ்வொரு மாதிரிக்கும் ஐந்து கோப்பை. ஒரு கோப்பைக்கு எட்டேகால் கிராம் தூள், 150 மில்லி தண்ணீர், 93 டிகிரிச் சூடு. உலகத்து வறுவல்காரர்கள் பெரும்பாலும் பின்பற்றும் அளவு இது. ஐந்து கோப்பைக்கும் சேர்த்து ஒரே தடவையாக அரைத்துப் பங்கிடக் கூடாது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எடைபோட்டுத் தனித்தனியாக அரைக்க வேண்டும் என்பதில் அவன் கறாராக இருந்தான். ஏன் என்று கேட்டதற்கு ஒரு கோப்பைக்கான கொட்டையை எண்ணிக் காட்டினான். ஐம்பது, அறுபதுக்குள்தான் வரும். அதில் ஒரே ஒரு கொட்டை கெட்டிருந்தால் அந்தக் கோப்பை முழுக்கக் கெடும். சேர்த்து அரைத்தால் அந்த ஒரு கொட்டை ஐந்து கோப்பைக்கும் பரவி, ‘சுமாரான காபி’ என்ற பெயரில் ஒளிந்துகொள்ளும். தனியாக அரைத்தால் நாலு கோப்பை நன்றாக இருக்க, ஒன்று மட்டும் காட்டிக்கொடுக்கும். மூட்டையில் கெட்ட கொட்டை எத்தனைக்கு ஒன்று என்பதற்கு இதுதான் கணக்கு.

வெந்நீர் ஊற்றியதும் தூள் மேலெழும்பி ஆடை மாதிரி மூடிக்கொள்கிறது. நான்கு நிமிடம் தொடக் கூடாது. பிறகு கரண்டியின் முதுகால் அந்த ஆடையை விலக்கி, மூக்கைக் கோப்பைக்கு மேலே கிட்டத்தட்டத் தொடும்படி வைத்து முகர்கிறான். மிதப்பதை வழித்துப்போட்டுவிட்டுச் சூடு தணியக் காத்திருக்கிறான். பத்து நிமிடம் போல ஆனதும் கரண்டியில் எடுத்து, நாம் வீட்டில் செய்தால் திட்டு வாங்குகிற சத்தத்தோடு உறிஞ்சுகிறான். அந்தச் சத்தத்துக்கு வேலை இருக்கிறது. காபி துளித்துளியாகச் சிதறி வாய் முழுக்கப் படவேண்டும், அதன் ஆவி தொண்டை வழியாக மூக்குக்கு ஏற வேண்டும். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, கசப்பு, உப்பு என்று கொஞ்சம்தான். மற்றதெல்லாம் மூக்கின் வேலை. உறிஞ்சியதைப் பக்கத்து டம்ளரில் துப்பிவிட்டு அடுத்த கோப்பை. ஒரு சுற்று முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து, இம்முறை இன்னும் ஆறிய காபி. ஆற ஆறத்தான் கள்ளம் வெளிவரும். சூட்டில் எந்தக் காபியும் கொஞ்சம் நல்ல காபிதான். அறைச் சூட்டுக்கு வந்தபின் புளித்ததும் மண் வாடை அடிப்பதும் பூஞ்சணமும் தாமாக முன்னால் வந்து நிற்கும். நம் வீடுகளில் காபியைக் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பழக்கம் எத்தனை மோசமான கொட்டையைக் காப்பாற்றியிருக்கும் என்று அப்போது தோன்றியது.

அவன் கணக்கில் தாண்டிக்குடி ஜெயித்தது. நாரத்தைத் தோல் மாதிரி ஒரு புளிப்பு, பின்னால் வெல்லப்பாகு, தொண்டையில் கசப்பு தங்கவில்லை. செர்ரி நடுவில். ரோபஸ்டா சுத்தமாக இருந்தது, ஐந்து கோப்பையும் ஒன்றுபோல, ஆனால் ரோபஸ்டாவாகத்தான் இருந்தது: கனம், தானியம் வறுத்த வாசம், விடாத கசப்பு. மதிப்பெண் தாளில் அதற்கு எட்டு குறைவு.

“சரி, பால் தாங்குமா?” என்றார் பாய்.

“அத்தா, இது பாலுக்கு இல்ல.”

“நம்ம கடைக்கு வர்றவங்க எல்லாம் பாலுக்குத்தான் வாங்குறாங்க.”

மூன்றையும் தனித்தனிப் பித்தளைப் பில்டரில் போட்டார். டிகாக்‌ஷன் இறங்கியதும் காய்ச்சின பாலை ஒரே அளவில் ஊற்றினார். சர்க்கரை போடவில்லை. தாண்டிக்குடி பாலுக்குள் போனதும் காணாமல் போனது. அந்த நாரத்தைப் புளிப்பு மட்டும் பால் திரியப்போகிற மாதிரி ஒரு சந்தேகமாக மிஞ்சியது. செர்ரி சமாளித்தது. ரோபஸ்டாதான் நின்றது. பாலின் கொழுப்பும் புரதமும் அதன் துவர்ப்பைப் பிடித்துக்கொண்டு கரகரப்பைக் கழித்துவிட, கசப்பு மட்டும் எலும்பு மாதிரி நின்று காபியை நிமிர்த்திப் பிடித்தது. எது நல்ல காபி என்று எதிர்ப்பட்ட யாரிடம் கேட்டாலும் அந்த மூன்றாவது டம்ளரைத்தான் காட்டியிருப்பார்கள். நானும் அதைத்தான் முழுக்கக் குடித்தேன்.

அப்பாவும் மகனும் ஒரே சரக்கைப் பார்த்து எதிர்த் தீர்ப்பு சொல்கிறார்கள், இரண்டும் சரியாக இருக்கிறது. இது எனக்குப் பல நாள் உறுத்திக்கொண்டிருந்தது. கொட்டையின் தரம் கொட்டைக்குள் இருக்கிறதா, குடிக்கிறவன் நாக்கில் இருக்கிறதா?

நாட்டின் காபித் தரவரிசை இந்தக் கேள்வியைத் தொடவே இல்லை. பாக்கெட்டில் நாம் படிக்கிற ஏஏ, ஏ, பி, சி என்பதெல்லாம் சல்லடைத் துளையின் கணக்கு. 18-ஆம் எண் சல்லடையில், அதாவது ஓர் அங்குலத்தில் 64-ல் 18 பங்கு, ஏறத்தாழ 7.1 மில்லிமீட்டர் துளையில் விழாமல் தங்குவது ஏஏ. 17-ல் தங்குவது ஏ. அதற்கும் கீழே பி, சி. குறைக் கொட்டை எத்தனை இருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு, அது நல்லதுதான். ஒரே அளவுக் கொட்டை ஒரே சீராக வேகும் என்பதால் வறுவல்காரனுக்குச் சல்லடையால் பயனும் உண்டு. ஆனால் பெரிய கொட்டை ருசியான கொட்டை என்று சல்லடை ஒருநாளும் சொன்னதில்லை; விலைப்பலகைதான் சொல்கிறது. பீபெரி கதையும் இதுவே. பழத்துக்குள் இரண்டு பருப்புக்குப் பதில் ஒன்றே உருண்டு திரண்டால் அது பீபெரி. உருண்டையாக இருப்பதால் உருளைக்குள் நன்றாகப் புரண்டு சீராக வறுபடும். அதற்கு மேல் அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டுக் காபிக்கடைகளில் அந்தப் பெயருக்கு இருக்கிற மவுசில் பாதி, உருண்டையான எதன்மீதும் நமக்கிருக்கிற ஆசை என்றே நினைக்கிறேன்.

நாக்கு இந்தக் கணக்கில் வராமல் போனதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1942-ஆம் வருடத்துக் காபிச் சட்டத்தின்கீழ், விதைக்கும் வீட்டுக்கும் எடுத்ததுபோக விளைந்த காபி முழுதும் வாரியத்தின் பொதுக் கையிருப்பில் சேர வேண்டும் என்றிருந்தது. அங்கே தரவாரியாகச் சேர்த்து ஏலம் விட்டார்கள். விலை விழுந்த காலத்தில் விவசாயியைக் காப்பாற்றிய ஏற்பாடு அது, மறுக்க முடியாது. ஆனால் ஏற்காட்டுக் காபியும் குடகுக் காபியும் ஒரே ஏ-வில் கரைந்தபோது, பழத்தைப் பார்த்துப் பறித்தவனுக்கும் உருவியவனுக்கும் வித்தியாசம் இல்லாமல் போனது. அந்த ஏற்பாட்டை 1990-களில் படிப்படியாகத் தளர்த்தி, 1996-ல் முழுக்கக் கைவிட்டார்கள். அந்தக் காலத்திலும் வாரியத்துக்குள் கோப்பைகளை வரிசையாக வைத்து உறிஞ்சிப் பார்த்தவர்கள் இருந்தார்கள். 1972-ல் அங்கே சுவைஞராகச் சேர்ந்த சுனாலினி மேனன் ஆசியாவின் முதல் பெண் காபிச் சுவைஞர் என்று அறியப்பட்டவர். பின்னர் வெளியே வந்து பெங்களூரில் காபிலேப் என்ற சொந்த ஆய்வகம் தொடங்கினார். 2002 முதல் வாரியமே தோட்டத்தின் பெயரைச் சொல்லி ருசிக்குப் பரிசு கொடுக்கும் போட்டியையும் நடத்திவந்திருக்கிறது. நாக்கு திரும்பி வந்தது. ஆனால் எந்த நாக்கு?

இந்தியக் காபியில் ஏறத்தாழ எழுபது சதவீதம் ஏற்றுமதி. வாங்குகிற ஊரின் நாக்குதான் மதிப்பெண் தாளை எழுதும். அதற்குச் சிறந்த சாட்சி மேற்குக் கரையில் இருக்கிறது. பாய்மரக் கப்பல் காலத்தில் மலபார்த் துறைமுகங்களிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றி ஐரோப்பா போய்ச் சேர மாதக் கணக்காகும். வழியெல்லாம் கடல் ஈரம் குடித்து, கொட்டை உப்பி, பச்சை நிறம் போய் வெளிறிய பொன்னிறமாகி, புளிப்பு செத்துப் போய்ச் சேரும். அங்கே அதைத்தான் இந்தியக் காபி என்று குடித்துப் பழகினார்கள். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்து, நீராவிக் கப்பலும் வந்து, காபி பச்சை மாறாமல் சீக்கிரமாகப் போய் இறங்கியதும், இது பழைய காபி இல்லையே என்று முகம் சுளித்தார்கள். பிறகென்ன, மங்களூர்க் கிட்டங்கிகளில் தென்மேற்குப் பருவக்காற்றுக்குக் கதவைத் திறந்துவைத்து, கொட்டையைப் பரப்பி, கிளறி, மூட்டை மாற்றி, கப்பல் செய்த வேலையைத் தரையிலேயே செய்தார்கள். மான்சூண்டு மலபார் என்று அதற்குப் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறோம். கோட்டக்குப்பத்தில் பாய் டிரம் வைத்து விரட்டுகிற அதே கடல் ஈரம், அங்கே பெயரும் விலையும்.

இதைச் சொன்னதும் பாய் கொஞ்ச நேரம் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். ஈரம் குடித்த கொட்டையைத் தலையில் கட்டுவதற்கு யாரோ சொன்ன கதை என்று நினைத்திருக்கலாம். மகன்தான் வித்தியாசத்தைச் சொன்னான். அங்கே எந்தக் கொட்டை, எத்தனை வாரம், எவ்வளவு ஈரம் என்று ஆள் வைத்துப் பார்க்கிறார்கள். முடிந்ததும் பூசணம் பிடித்ததையும் உப்பாமல் நின்றதையும் பொறுக்கித் தள்ளுகிறார்கள். ஐந்து கோப்பையும் ஒன்றுபோல இருக்கும். நம் டிரம்முக்கு வெளியே கிடக்கிற கொட்டையில் ஐந்தும் ஐந்து விதமாக இருக்கும். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒரு முடிச்சு அவிழ்ந்தது. ஒரு ருசி குறையா நிறையா என்பதை ஊர்தான் சொல்லும். ஆனால் வேண்டுமென்று வந்த ருசியா, கேளாமல் வந்து புகுந்த ருசியா என்பதை ஐந்து கோப்பை சொல்லிவிடும். வறுவல்காரனின் பரீட்சை இந்த இரண்டாவதற்குத்தான் உண்மையில் பதில் தருகிறது. முதலாவதற்கும் அதுவே பதில் என்று மதிப்பெண் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவர்களிடம்தான் எனக்குச் சண்டை.

அந்தத் தாளை வகுத்தவர்களும் இதை உணர்ந்திருக்கிறார்கள் போலும். 2004 முதல் புழக்கத்தில் இருந்த நூறு மதிப்பெண் படிவம் 80-ஐத் தொட்டால் சிறப்புக் காபி, தொடாவிட்டால் இல்லை என்று கோடு கிழித்தது. சர்வதேசச் சிறப்புக் காபிச் சங்கம் 2023-ல் புது முறை கொண்டுவந்தபோது, கோப்பையில் என்ன இருக்கிறது என்று விவரிப்பதை ஒரு தாளாகவும், அது பிடித்திருக்கிறதா என்று சொல்வதை இன்னொரு தாளாகவும் பிரித்துவிட்டது. நாரத்தைப் புளிப்பு இருக்கிறது என்பது ஒரு செய்தி. அது நல்லது என்பது வேறு செய்தி. பாய் இதைப் படிப்பு இல்லாமலே பிரித்து வைத்திருந்தார்.

அதற்காகப் பாய் பக்கம் முழுக்கச் சாய்ந்துவிடவும் முடியவில்லை. பால் நல்ல நீதிபதி இல்லை. அதற்கு வலுவைத்தான் தெரியும், சுத்தம் தெரியாது. சணல் வாசத்தை மறைப்பது பால், வெளுத்த கொட்டையின் சப்பை மறைப்பது சிக்கரி, இரண்டுக்கும் தப்பியதை மறைப்பது சர்க்கரை. இந்த மூன்றும் சேர்ந்த டம்ளரில் எந்த வியாபாரியும் எதையும் விற்கலாம், விற்றிருக்கிறார்கள். சிக்கரியின் மேல் எனக்குப் பகை கிடையாது. அந்தக் கிழங்கு டிகாக்‌ஷனுக்குக் கருமையும் கனமும் தருகிறது, நம் நாக்கு அதோடு வளர்ந்தது. ஆனால் 2024-ல் லண்டன் சந்தையில் ரோபஸ்டா டன்னுக்கு 5,000 டாலரைத் தாண்டியபோது, காபியைக் குறைத்து சிக்கரியை ஏற்றும் சபலம் எந்தக் கடைக்கும் வந்திருக்கும். பால் விட்டுக் குடிக்கிறவனுக்கு அது தெரியவே தெரியாது.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடற்கரையில் காபியைப் பேச முடியாது. கோட்டக்குப்பத்து ஆழ்துளைக் கிணறுகளில் கடல் எட்டிப் பார்க்கிற இடங்கள் உண்டு. குடிக்க எல்லாரும் கேன் தண்ணீர். அந்தத் தண்ணீரில் உப்போடு சேர்த்துக் கால்சியம், மக்னீசியம் எல்லாவற்றையும் வடித்திருப்பார்கள். காபியின் ருசியைக் கொட்டையிலிருந்து இழுத்து வருவதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. மகன் முதலில் கேன் தண்ணீரில் போட்ட கோப்பைகள் எல்லாம் தட்டையாக, புளிப்பு மட்டும் துருத்திக்கொண்டு இருந்தனவாம். கிணற்றுத் தண்ணீரில் போட்டால் எல்லாம் ஒரே மந்தம். இப்போது ஒரு லிட்டரில் 150 மில்லிகிராம் அளவுக்குக் கரைபொருள் இருக்கும்படி இரண்டையும் கலந்து, மீட்டரை விட்டுப் பார்த்துத்தான் அடுப்பில் ஏற்றுகிறான். பாய் கசப்பான டிகாக்‌ஷனில் ஒரு கல் உப்பைக் கிள்ளிப் போடுவதுண்டு, அவருடைய அம்மாவின் வழக்கம். கைமருந்து என்று சிரித்துவிட வேண்டாம். உப்பு கசப்பை அடக்கி மற்ற ருசிகளை மேலே கொண்டுவருகிறது என்று பிரெஸ்லினும் போஷாம்பும் 1997-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். வறுவலைச் சரிசெய்யாமல் உப்பைப் போடுவது சரியா என்பதுதான் மகனின் கேள்வி.

இத்தனை நாக்குகளுக்கு நடுவே ஒரு நாக்கு மட்டும் எங்கும் கேட்கப்படவில்லை. காபி பயிரிடுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் 10 ஹெக்டேருக்குக் குறைந்த நிலம் வைத்திருக்கிற சிறு விவசாயிகள். அவர்கள் காய்ந்த காபியைக் கொண்டுபோய் நிறுத்தினால் வியாபாரி பார்ப்பது ஈரத்தையும் அவுட்டர்னையும்: மூட்டைக்கு எத்தனை கிலோ சுத்தக் கொட்டை தேறும் என்ற கணக்கு. கோப்பை அங்கே கிடையாது. தன் தோட்டத்துக் காபியைத் தனியாக வறுத்து, பால் ஊற்றாமல், ஆறவிட்டுக் குடித்துப் பார்த்த விவசாயி அரிது. ஆந்திரத்து அரக்குப் பள்ளத்தாக்கின் ஆதிவாசி விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து கோப்பைத் தரத்தை முன்வைத்து விலை கேட்டார்கள்; அவர்கள் காபி 2017-ல் பாரிஸில் சொந்தப் பெயரில் கடை திறந்தது. தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. பழனி மலைக்காரர்களுக்கு மட்டும் ஏன் முடியாது?

மூன்று மாதிரிகளையும் குடித்துப் பார்த்த அன்றைக்கு, பாய் அவற்றில் இரண்டை வாங்கினார். கூடலூர் ரோபஸ்டாவில் நாலு மூட்டை, செர்ரியில் ஒன்று. தாண்டிக்குடியை மகன் தன் கணக்கில் அரை மூட்டை வாங்கி, ஆரோவில் பக்கம் கறுப்புக் காபி குடிக்கிறவர்களுக்கு விற்கிறான். விலை இரண்டரை மடங்கு.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வழக்கமாக வாங்கும் கடையில் அடுத்த முறை சிக்கரி கலக்கும் முன் 50 கிராம் தூளைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். என்றைக்கு வறுத்தது என்று கேளுங்கள். வீட்டில் வெந்நீரில் போட்டு நான்கு நிமிடம் விட்டு வடித்து, பால், சர்க்கரை இல்லாமல், நன்றாக ஆறவிட்டு இரண்டு வாய் குடித்துப் பாருங்கள். பிறகு வழக்கம்போலப் பால் ஊற்றிக்கொள்ளுங்கள். பாக்கெட்டாக வாங்குகிறவர்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தைப் படியுங்கள். காபியும் சிக்கரியும் எத்தனை சதவீதம் என்று அச்சிட வேண்டும் என்பது சட்டம். அதில் காபி 51-க்குக் குறையக் கூடாது.